கரீபியனின் 'சோரல்': கிறிஸ்துமஸ் பானமா, பிரஷர் மருந்தா? தரவுகள் சொல்வது என்ன?

'செம்பருத்தி டீ குடித்தால் பிரஷர் குறையும்' என்கிற ரீல் உங்கள் போனுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். அடர் சிவப்பில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் இரண்டு ஐஸ் கட்டி, கூடவே '7 நாளில் பலன்' மாதிரி ஒரு வரி. அதைப் பார்த்து வீட்டில் அம்மாவோ அப்பாவோ, "அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அந்தச் சிவப்புப் பானத்தின் கதையை ரீலில் தேட வேண்டாம். கரீபியன் தீவுகளில் அதற்குப் பெயர் 'சோரல்'. ஜமைக்கா, ட்ரினிடாட், பார்படோஸ் என்று எங்கே போனாலும் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. அங்கே அதுவே விருந்தாளிக்குக் கொடுக்கும் பானம், பாட்டி வைத்தியமும் அதுவே. பிரஷர் குறையுமா என்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டதும் அந்தச் செடிதான். ஆனால் ஆய்வில் இருந்த கோப்பையும் பண்டிகையில் இருக்கும் கிளாஸும் ஒன்றல்ல. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோரல் என்பது எந்தப் பூ?

உண்மையில் அது பூவே இல்லை. பள்ளிப் பாடத்தில் 'புல்லிவட்டம்' என்று படித்தது நினைவிருக்கிறதா? பூவின் அடியில், மொட்டைப் பொதிந்து வைத்திருக்கும் பகுதி. 'ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா' என்ற செடியில் பூ வெளிர் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு மலரும். ஒரே நாளில் வாடிவிடும். அதற்குப் பிறகு புல்லிவட்டம் தடித்து, சதைப்பற்றோடு ரத்தச் சிவப்பாக மாறும். அதைப் பறித்து, உள்ளே இருக்கும் விதைக்கூட்டை நீக்கிவிட்டு, பச்சையாகவோ உலர்த்தியோ பயன்படுத்துவார்கள். புளிப்பு, நிறம் இரண்டும் அந்தப் பகுதியிலிருந்துதான் வருகின்றன.

நம் வீட்டு வாசலில் சாமிக்குப் பறிக்கும் செம்பருத்தி வேறு இனம். அதன் பெயர் 'ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்'. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரே செடி இல்லை. சோரலுக்கு இன்னும் நெருக்கமாக நமக்குத் தெரிந்தது சமையலறையில் இருக்கிறது: புளிச்சக்கீரை, அதாவது ஆந்திராவின் கோங்குரா. இந்தப் பெயர்களில் விற்கப்படும் செடிகளில் முக்கியமானது இதே சப்டாரிஃபாதான். இந்தியாவில் இதைப் பெரும்பாலும் இலைக்காகவும் நாருக்காகவும் வளர்க்கிறோம், கரீபியனில் புல்லிவட்டத்துக்காக வளர்க்கிறார்கள்.

ஒரே பானம், எத்தனை பெயர்கள்?

'சோரல்' என்பது ஐரோப்பாவில் வளரும் வேறொரு புளிப்புக் கீரையின் ஆங்கிலப் பெயர். சுவை ஒத்துப்போனதால் அந்தப் பெயர் இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு பேசும் மார்டினிக், குவாடலூப் தீவுகளில் இதை 'குரோசேய் பெயி' என்பார்கள். பனாமாவில் 'சரில்'. கால்வாய் வேலைக்குப் போன கரீபியன் தொழிலாளர்கள் அங்கே கொண்டு சேர்த்த பானம் அது.

மெக்சிகோவில் இந்தப் பூவுக்கே 'ஹமைக்கா' என்று பெயர். எழுத்தில் பார்த்தால் அது ஜமைக்கா நாட்டின் பெயர்தான், ஸ்பானிய உச்சரிப்பில் ஹமைக்கா ஆகிறது. அட்லாண்டிக் கடலின் மறுகரைக்குப் போனால் செனகலில் 'பிஸ்ஸாப்', கானாவில் 'சோபோலோ', நைஜீரியாவில் 'ஸோபோ', எகிப்திலும் சூடானிலும் 'கர்கடே'. இந்த ஆப்பிரிக்கப் பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். இந்தப் பானம் எந்தத் திசையிலிருந்து கரீபியனுக்குப் போனது என்பது புரிந்துவிடும்.

கரீபியனுக்கு எப்படி வந்தது?

அடிமை வணிகத்தோடு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட மக்களோடு விதைகளும் கடல் கடந்தன என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. 17ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் இந்தச் செடி இருந்தது. 1707 வாக்கில் ஜமைக்காவில் வளர்ந்ததற்குப் பதிவு உண்டு.

'நம்ம ஊர் கோங்குராவை இந்தியர்கள்தான் அங்கே கொண்டுபோயிருப்பார்களோ?' என்ற சந்தேகம் வரலாம். ட்ரினிடாடுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் போனது 1845இல். அதற்குப் பிறகு சென்னை, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்களும் பல தீவுகளுக்குப் போனார்கள். ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சோரல் ஜமைக்கா மண்ணில் வேரூன்றிவிட்டது. எனவே பெருமை நமக்கு இல்லை. அது கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களுக்குச் சேர வேண்டியது.

ஏன் கிறிஸ்துமஸில் மட்டும்?

இதற்கு மதத்தைவிடத் தாவரவியல்தான் காரணம். பகல் நேரம் குறையும்போது பூக்கும் வகைச் செடி இது. ஆண்டின் கடைசி மாதங்களில் பகல் சுருங்க ஆரம்பித்ததும் மொட்டு விடும். நவம்பர், டிசம்பரில் பறிக்கிற பக்குவத்துக்கு வந்துவிடும். பொங்கலுக்குச் சரியாகக் கரும்பும் மஞ்சள் கொத்தும் சந்தைக்கு வருவது போலத்தான்.

இதற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு ஆண்டில் கிடைத்த அரிதான விடுமுறை நாட்களில் கிறிஸ்துமஸ் முக்கியமானது. சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்ட துண்டு நிலத்தில் விளைந்தது கைக்கு வரும் நேரமும், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்த நேரமும் ஒன்றாக அமைந்தன. இன்றைக்கு உலர்ந்த சோரல் ஆண்டு முழுவதும் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் டிசம்பரில் வீட்டுக்கு வருபவர்களுக்கு ஒரு துண்டு பிளாக் கேக்கும் ஒரு கிளாஸ் சோரலும் கொடுப்பதுதான் மரியாதை.

எப்படிச் செய்கிறார்கள்?

ஜமைக்கா முறை கிட்டத்தட்ட ஒரு கஷாயம்தான்:

- சோரலைக் கழுவி, நசுக்கிய இஞ்சியைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். இஞ்சி தொண்டையில் இறங்கும்போது லேசாக எரிய வேண்டும்.
- கூடவே கிராம்பு, பிமென்டோ. நாம் ஆல்ஸ்பைஸ் என்று சொல்லும் இந்தக் காய் ஜமைக்காவின் சொந்த மசாலா.
- கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, ஒரு இரவு முழுவதும் ஊறவிடுவார்கள்.
- மறுநாள் வடிகட்டி, சர்க்கரை சேர்ப்பார்கள். பெரியவர்களுக்கான பாட்டிலில் ரம் அல்லது ஒயினும் சேரும்.

ட்ரினிடாடில் பட்டையும் கிராம்பும் முன்னுக்கு வரும், இஞ்சி கொஞ்சம் பின்வாங்கும். வீட்டுக்கு வீடு அளவு மாறும். எந்த வீட்டு சோரல் சிறந்தது என்ற சண்டைக்கு அங்கே முடிவே கிடையாது. நம் ஊரில் சாம்பார் பொடிக்கு நடப்பதுதான்!

ஒரு கவனக்குறிப்பு: இந்தப் பானம் நல்ல அமிலத்தன்மை கொண்டது, இதன் பி.எச். அளவு பெரும்பாலும் 3க்குக் கீழே இருக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை சரி.

மருந்தாக எதற்கெல்லாம் குடிக்கிறார்கள்?

கரீபியனில் 'புஷ் டீ' என்று ஒரு பெரிய மரபு உண்டு. செடி, கொடி, இலை என்று கிடைப்பதைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வீட்டு வைத்தியம். ஜமைக்காவின் புகழ்பெற்ற 'செரசி' டீ, நமக்குத் தெரிந்த பாகற்காயின் காட்டு வகைக் கொடியில் போடப்படுவது. தீவுகளில் புழங்கும் இந்த மூலிகைகளை ஊர் ஊராகக் கேட்டுப் பதிவுசெய்து, எது பாதுகாப்பானது என்று சோதிக்க 'டிராமில்' என்ற ஆய்வு வலையமைப்பே 1980களிலிருந்து இயங்கிவருகிறது.

சோரலும் இந்த மரபில் சேர்ந்ததுதான். உடல் சூட்டைத் தணிக்க, சிறுநீர் நன்றாகப் பிரிய, சளிக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக 'பிரஷரு'க்கு. ஆமாம், அங்கேயும் மக்கள் உயர் ரத்த அழுத்தத்தை 'பிரஷர்' என்றும், நீரிழிவை 'சுகர்' என்றும்தான் சொல்கிறார்கள்.

பெயர் மட்டுமில்லை, பிரச்னையும் பொதுவானது. 2016-17இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, ஜமைக்காவில் 15 வயதுக்கு மேற்பட்ட மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். இந்தியாவில் தேசிய குடும்பநல ஆய்வு-5இன்படி (2019-21) ஆண்களில் 24%, பெண்களில் 21%. அதனால் 'சோரல் பிரஷரைக் குறைக்குமா?' என்ற கேள்வியை வெறும் லைஃப்ஸ்டைல் செய்தியாக ஒதுக்கிவிட முடியாது.

சரி, குறைக்குமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலில் ஒரு சின்ன விளக்கம். பிரஷர் 120/80 என்று எழுதும்போது, முன்னால் இருப்பது இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம், அடுத்தது தளரும்போது இருப்பது. அலகு மி.மீ. பாதரசம். படிக்க வசதியாக இங்கே 'புள்ளி' என்றே சொல்வோம்.

*அமெரிக்கா, 2010:* டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு. பிரஷர் சற்றே கூடுதலாக இருந்தும் மாத்திரை எடுக்காத 65 பேர். ஒரு பகுதியினருக்கு 6 வாரம் தினமும் 3 கப் ஹைபிஸ்கஸ் டீ, மற்றவர்களுக்கு அதே மாதிரி நிறமும் சுவையும் உள்ள போலி பானம். டீ குடித்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7.2 புள்ளி குறைந்தது, போலி பானம் குடித்தவர்களுக்கு 1.3. கீழ் எண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

*மெக்சிகோ, 2004:* 10 கிராம் உலர்ந்த புல்லிவட்டத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் காலை உணவுக்கு முன் 4 வாரம் குடிக்கச் செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு 'கேப்டோப்ரில்' என்ற பிரஷர் மாத்திரை. இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் இந்த ஆய்வில் போலி பானம் குடித்த மூன்றாவது குழு இல்லை. ஆய்வில் சேர்ந்ததாலேயே எவ்வளவு குறைந்தது என்று பிரித்துப் பார்க்க வழி இல்லை.

*2015 தொகுப்பு:* 5 ஆய்வுகள், மொத்தம் 390 பேர். சராசரியாக மேல் எண் 7.6 புள்ளியும், கீழ் எண் 3.5 புள்ளியும் குறைந்தன.

*2021, காக்ரேன் மதிப்பாய்வு:* மருத்துவ ஆதாரங்களைக் கறாராகச் சலித்து எடுப்பதில் பெயர்பெற்ற அமைப்பு இது. அதன் அளவுகோலுக்குத் தேறியது ஒரே ஒரு ஆய்வுதான். முடிவு: பிரஷர் நோயாளிகளுக்கு இது வேலை செய்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை.

ஒன்று 'குறைகிறது' என்கிறது, மற்றொன்று 'ஆதாரம் போதாது' என்கிறது. இது முரண்பாடு போலத் தெரியலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவுதான்: ஓரளவு குறையும் என்பதற்கான அறிகுறிகள் இருக்கின்றன, ஆனால் அவை சிறிய, சில வாரங்களே நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. மாரடைப்போ பக்கவாதமோ குறைந்தது என்று இந்த ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. பிரஷரைக் கட்டுப்படுத்துவதே அவற்றைத் தடுக்கத்தானே?

7 புள்ளி என்பது பெரிதா, சிறிதா?

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பிரஷர் மாத்திரை, வழக்கமான அளவில், மேல் எண்ணைச் சராசரியாக 9 புள்ளி குறைக்கிறது. இது 354 ஆய்வுகளைத் தொகுத்துக் கிடைத்த எண். காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் அதிகம் உள்ள 'டாஷ்' உணவுமுறை, பிரஷர் உள்ளவர்களுக்கு 11 புள்ளிக்கு மேல் குறைத்தது (1997 ஆய்வு).

ஆக 7 என்பது அலட்சியப்படுத்தும் எண் இல்லை. அதே நேரம், 160இல் நிற்கும் ஒருவரை அது 153க்குத்தான் கொண்டுவரும். 153 இன்னமும் உயர் ரத்த அழுத்தம்தான். அதனால்தான் 'மாத்திரைக்குப் பதிலாக' என்ற வார்த்தை ஆபத்தானது.

பண்டிகை கிளாஸில் என்ன இருக்கிறது?

டஃப்ட்ஸ் ஆய்வில் ஒரு கப்புக்கு 240 மில்லி தண்ணீரில் 1.25 கிராம் உலர்ந்த ஹைபிஸ்கஸ். ஒரு நாளைக்கு மொத்தம் 3.75 கிராம்.

இப்போது பண்டிகை சோரலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 2 லிட்டர் பானத்தில் 2 கப், அதாவது சுமார் 400 கிராம் சர்க்கரை போடுவதாக வைத்துக்கொள்வோம். 200 மில்லி கிளாஸுக்கு 40 கிராம் சர்க்கரை. ஒரு நாளில் வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை (2,000 கலோரி உணவுக்கு). ஒரே கிளாஸில் 25ஐத் தாண்டிவிட்டோம். இரண்டாவது கிளாஸில் 50ஐயும் தாண்டிவிடுவோம்.

அடுத்து ரம். ஜமைக்காவின் 'ஓவர்ப்ரூஃப்' வெள்ளை ரம்மில் 63% ஆல்கஹால். அதில் 30 மில்லி சேர்த்தால் சுமார் 15 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. ஆல்கஹால் பிரஷரை ஏற்றும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

இதைச் சொல்வது சோரலைக் குறை சொல்ல இல்லை. தீபாவளிக்குச் செய்யும் அதிரசத்தை யாரும் சுகர் மருந்தாகச் சாப்பிடுவதில்லை. அது பண்டிகை, அதற்கு அந்த மதிப்பே போதும். பண்டிகை கிளாஸுக்கு ஆய்வுக் கோப்பையின் சான்றிதழை ஒட்டும்போதுதான் தவறு நடக்கிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

- *பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள்:* இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைத் தேவைக்கு மேல் குறைக்கலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வந்தால் அலட்சியம் வேண்டாம். தினமும் குடிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். 'மூலிகைதானே' என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.
- *சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள்:* இனிப்பான சோரல் சர்க்கரையை ஏற்றும். இனிப்பில்லாததைத் தினமும் குடிப்பதாக இருந்தால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
- *வேறு மருந்து எடுப்பவர்கள்:* மலேரியா மருந்தான குளோரோகுயினை இந்தப் பானத்தோடு எடுத்தபோது உடலில் சேரும் மருந்தின் அளவு குறைந்ததாகச் சூடானில் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. எந்த மாத்திரையையும் இதோடு விழுங்க வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.
- *கர்ப்பிணிகள்:* மருந்து அளவில் குடிப்பதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. விலங்குகளில் செய்த ஆய்வுகள் எச்சரிக்கை தருகின்றன, மனிதர்களில் பாதுகாப்பானது என்று உறுதிசெய்யும் தரவு இல்லை.
- *நெஞ்செரிச்சல், பல் கூச்சம் உள்ளவர்கள்:* புளிப்பு அதிகம். குடித்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

'ஹைபிஸ்கஸ் டீ' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. பாக்கெட்டின் பின்புறம் 'சப்டாரிஃபா' அல்லது 'ரோசெல்' என்று இருக்கிறதா பாருங்கள். மேலே சொன்ன ஆய்வுகள் அனைத்தும் இந்தச் செடியில் நடந்தவை. வாசல் செம்பருத்தி இதழைக் கொதிக்கவைத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பது மெல்லிய இதழா, தடித்த கருஞ்சிவப்புப் புல்லிவட்டமா என்பதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

தயாராகக் கிடைக்கும் பாட்டில் பானமாக இருந்தால், முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியை முதலில் படியுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசையா? ஒரு கப் வெந்நீரில் ஒரு சிட்டிகை உலர்ந்த சோரல், ஒரு துண்டு நசுக்கிய இஞ்சி, ஒரு கிராம்பு. மூடிவைத்து வடிகட்டுங்கள். புளிப்பு தாங்கவில்லை என்றால் சர்க்கரையைக் கூட்டுவதற்குப் பதில் தண்ணீரைக் கூட்டுங்கள். ஜமைக்கா ருசி வேண்டுமென்றால், இஞ்சியை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள்.

அப்போ, மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. இனிப்பில்லாத சோரல், டாக்டருக்குத் தெரிந்து, மாத்திரையோடும் உப்புக் குறைப்போடும் நடைப்பயிற்சியோடும் சேரலாம். அவற்றின் இடத்தை அது பிடிக்க முடியாது. டிசம்பரில் ஒரு கரீபியன் நண்பர் சோரல் நீட்டினால், வாங்கி ருசித்துக் குடியுங்கள். முந்நூறு ஆண்டு கடந்து வந்த பானம் அது. குடித்து முடித்து, அன்றைய மாத்திரையையும் மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் யாருக்கு அது தேவையோ அவர்களிடம்.